ஐந்துக்கு ஐந்து

டைட் என்றால் சோப்புத்தூள் என்றுதான் நினைத்திருந்தேன்.
ஆரஞ்சுப் பொட்டலம்,
எர்தெனெத் சந்தையில் எல்லாக் கடையிலும் தொங்கும்.
மூன்றாம் பத்தியின் இரண்டாம் வரியில்
அது ஒரு சிறுமியின் சிவப்பு வாளியை
எடுத்துக்கொண்டு போனபோது
பென்சிலை வைத்துவிட்டு அகராதியைத் திறந்தேன்.
கடல் ஏறுவது. கடல் இறங்குவது.
ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

மங்கோலியாவில் எந்தப் பக்கம் நடந்தாலும்
கடலுக்கு முன்னால் ஓர் எல்லைச்சாவடி வந்துவிடும்.
தண்ணீர் என்றால் எனக்கு,
கியாஸ்க் ஜன்னலில் கார்டைத் தேய்த்ததும்
கேனுக்குள் விழும் நாற்பது லிட்டர்.
வீடு வரை வண்டியைத் தள்ளுவதற்குள்
மூடியோரம் சிந்தியது கல்லாகிவிடும்.

ஆனால் கேள்விக்குக் கடல் தேவையில்லை.
புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே தந்திரங்கள் இருக்கின்றன:
கேள்வியில் வரும் சொல்லைப் பத்தியில் தேடு,
அதற்கு முந்தைய வரியை வாசி.
'எல்லோரும்' என்று தொடங்கும் விடையைத் தொடாதே.
எட்டு நிமிடம்.
ஐந்துக்கு ஐந்து.
கால்கூட நனையவில்லை.

அடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் தூகுல்துர்,
இருபத்தாறு வயதில், அதே தேர்வு,
அதே புத்தகத்தின் ஜெராக்ஸ்.
மூன்று வருடம் கொரியாவின் மேற்குக் கரையில்
கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்தவன்.
அந்தப் பத்தியை அவன் இருபது நிமிடம் வாசித்தான்.
ஓரிடத்தில் நின்றான். மேலே போனான்.
மறுபடி அதே இடத்தில் நின்றான்.

நான் திருத்தினேன். ஐந்துக்கு இரண்டு.

"மூணாவது எப்படிடா தப்பாச்சு?
வாளிக்கு என்ன ஆச்சு. விடை டி.
நிரந்தரமாகத் தொலைந்துபோனது."

"கிடைக்கும்," என்றான். பி-யைக் கருப்பாக்கியிருந்தான்.
"ஆறு மணி நேரம். தண்ணி இறங்கினதும்
சேத்துல தலைகீழாக் குத்திக்கிட்டு நிக்கும்,
கொஞ்சம் வடக்கே தள்ளி.
செருப்பு, மிதவை, எல்லாம் அப்படித்தான் கிடைக்கும்.
அந்தப் பொண்ணு ராத்திரி வரைக்கும் நின்னிருக்கணும்."

"பத்தியில அப்படி இல்லையே."

"பத்தி அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

நான்காவது கேள்வி:
கடல் ஏறுவதை அவள் ஏன் கவனிக்கவில்லை?
விளையாட்டில் மூழ்கியிருந்தாள் என்பது ஏ.
நான்கு வட்டங்களையும் காலியாக விட்டு
ஓரத்தில் எங்கள் மொழியில் எழுதியிருந்தான்:
அது பின்னாலிருந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பி தோண்டப் போவார்களாம்.
எதிரே கடல் ஒரு கோடு, அவ்வளவு தூரத்தில்.
அதிலேயே கண்ணை வைத்திருப்பாய், புத்திசாலி.
அது ஓடைகளின் வழியே சுற்றிக்கொண்டு வந்து
உனக்கும் கரைக்கும் நடுவில்
ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும்.
சத்தமே இருக்காது என்றான்.
பனிமூட்டம் வேறு என்றால்,
"ஓடணும்னு தெரியும். கரை எந்தப் பக்கம்னுதான்…"

"உன்கூட யாரு இருந்தா?"

"அஞ்சாவது கேள்வி என்ன?" என்றான்.

ஐந்தாவது, எழுதியவரின் மனநிலை.
அதில் எங்கள் இருவருக்கும் ஒரே விடைதான்.

"பாரு," என்றேன், "தெரிஞ்சதை எல்லாம்
கதவுக்கு வெளியிலேயே விட்டுட்டு வா.
பத்தியில இருக்கிறது மட்டும்தான் இருக்கு."
தலையாட்டினான்.
பி-யை அழித்தான். தாள் லேசாகக் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் டி-யைக் கருப்பாக்கினான்.
நான்காவதில் ஏ.
ஓரத்தில் எழுதியதை மட்டும் அழிக்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
இரண்டாவது எப்படித் தப்பானது என்று
இருவரும் பார்க்கவே மறந்துபோனோம்.

அடுப்பில் கரி சரிந்து உட்கார்ந்தது.
அடுத்த பத்தி தேனீக்களைப் பற்றி.

"தேனீ பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

"நல்லது.
எட்டு நிமிஷம். ஆரம்பி."